படித்தும் புரியவில்லை என்னும் கல்லூரி மாணவருக்கு எப்படி உதவுவது?

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, கல்லூரியில் சேர்ந்த முதல் பருவத்திலேயே "எத்தனை முறை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை" என்று சொல்லத் தொடங்கினால், அதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். "இன்னும் நன்றாக உட்கார்ந்து படி" என்பார்கள். இல்லாவிட்டால் "ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிடு" என்பார்கள். இரண்டும் அக்கறையில் பிறந்தவைதான். ஆனால் அந்தப் பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்று பார்க்காமலே சொல்லப்படுபவை.

அப்படி ஒரு மாணவரின் பக்கத்தில் உட்கார்ந்து உதவ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் அண்ணனாகவோ அக்காவாகவோ இருக்கலாம், விடுதியில் மூத்த மாணவராக இருக்கலாம், அந்த வகுப்பின் ஆசிரியராகவும் இருக்கலாம். வாசித்துப் புரிந்துகொள்வது என்றால் மனத்துக்குள் என்ன வேலை நடக்கிறது, அது எங்கெங்கே அறுந்துபோகிறது, அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பொருளியல் பாடநூலின் ஒரே ஒரு பத்தியை வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

படிப்பது ஒன்று, புரிவது இன்னொன்று

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986ஆம் ஆண்டு வாசிப்பைப் பற்றி மிக எளிமையான ஒரு கணக்கைச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்துச் சொல்லாகப் படிக்கும் திறன் ஒன்று. அதே செய்தியை ஒருவர் வாயால் சொன்னால் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொன்று. இவ்விரண்டின் பெருக்கல்தான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்றார்கள். அவர்கள் கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டில் எது பூஜ்யமானாலும் மொத்தமும் பூஜ்யமாகிவிடும்.

தமிழ்வழியில் படித்து வந்த பல மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறாமல் உரக்கப் படித்துவிடுவார்கள். கேட்பவர்களுக்கு அவருக்கு எல்லாம் தெரியும் என்றே தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டு "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் பதில் வராது. முதல் திறன் இருக்கிறது. இரண்டாவது திறன் பாடநூல் மொழியில் இன்னும் வளரவில்லை. அதே மாணவரிடம் அதே விஷயத்தைத் தமிழில் சொல்லுங்கள், எதிர்க்கேள்வியே கேட்பார். ஆகவே மூளையில் குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. இதை அவரிடம் வாய்திறந்து சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பெரும்பாலும் அவர் அப்படித்தான் தம்மைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பார்.

பேச்சு ஆங்கில வகுப்பு மட்டும் ஏன் போதாது என்பதற்கும் விளக்கம் உண்டு. கனடாவில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சுமொழி வேறு, கல்விமொழி வேறு என்று பிரித்துக் காட்டினார். சுற்றிலும் ஆங்கிலமே ஒலிக்கும் ஊரில் வாழும் பிள்ளைகளுக்கே, பேச்சுமொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வசப்பட்டாலும், பாடமொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகின்றன. நம் மாணவருக்குக் கல்லூரிக் காலமே மூன்று ஆண்டுகள்தான். கடையில் பேசுவதற்கும் நேர்முகத் தேர்வுக்கும் உதவும் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டுவிட்டு, பாடநூல் ஏன் இன்னும் விளங்கவில்லை என்று அவர் குழம்புவதில் வியப்பில்லை.

வாசகர் கொண்டுவரும் பங்கு

எழுதியவர் எல்லாவற்றையும் எழுதிவிடுவதில்லை. வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எண்ணிப் பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். அந்தப் பாதியை வாசகர் தம் கையிலிருந்து போட்டால்தான் பொருள் உருவாகும். வாசிப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த வால்டர் கின்ட்ச் இதை அடுக்கடுக்காகப் பிரித்தார். தாளில் உள்ள சொற்கள் மேலடுக்கு. வாக்கியங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து சொல்லும் செய்தி நடுவடுக்கு. அந்தச் செய்தியை நமக்கு முன்பே தெரிந்தவற்றோடு இணைத்து மனத்துக்குள் கட்டிக்கொள்ளும் நிலைமைச் சித்திரம் அடியடுக்கு. மனப்பாடம் முதல் அடுக்கோடு நின்றுவிடும். கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டால் விடை எழுத முடியாமல் போவது அதனால்தான்.

1972ஆம் ஆண்டு ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் ஒரு சோதனை செய்தார்கள். பொருள்களை வகைவாரியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், ஒரே நேரத்தில் அதிகமாகச் செய்வதைவிடக் குறைவாகச் செய்வது நல்லது என்றெல்லாம் போகும் ஒரு பத்தி. கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்டவர்களுக்கு அது எதைப் பற்றியது என்றே பிடிபடவில்லை, பிறகு நினைவுபடுத்திச் சொல்லவும் முடியவில்லை. "துணி துவைப்பது பற்றியது" என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கு எல்லாம் விளங்கியது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பத்தியைக் கேட்டு முடித்த பிறகு தலைப்பைச் சொன்னால் பயன் கிடைக்கவில்லை. பின்புலம் வாசிப்புக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

1988ஆம் ஆண்டு டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்களில் பேஸ்பால் நன்கு தெரிந்தவர்கள், வாசிப்பில் முன்னணியில் இருந்தும் பேஸ்பால் தெரியாதவர்களைவிடச் சிறப்பாக அதை நினைவுகூர்ந்தார்கள். நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். ஆங்கிலம் படிக்கத் திணறும் பையன், கிரிக்கெட் ஆட்டம் பற்றிய ஆங்கிலச் செய்தியை எந்தத் திணறலும் இல்லாமல் படித்துவிடுவான்.

முதலில் தடுக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

உதவி தொடங்கும் முன் ஒரு மாலைப்பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள். அவருடைய பாடநூலிலிருந்தே இன்னும் நடத்தாத ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் முன்னால் வேண்டாம். உரக்கப் படிக்கச் சொல்லும்போது யாராவது சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை உங்களிடம் வராது.

அவர் உரக்கப் படிக்கும்போதே, சொற்களை எழுத்துக்கூட்டித் தேடுகிறாரா என்று கவனியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அப்படி உழைப்பவருக்கு வாக்கியத்தின் தொடக்கம் முடிவுக்குள் மறந்துபோகும். அவருக்குத் தேவை எளிய ஆங்கிலத்தை நாள்தோறும் சத்தமாகப் படிக்கும் பழக்கம். பாடநூல் பிறகு வரட்டும். அடுத்து, வேறொரு பத்தியை நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டிப் பொருளைக் கேளுங்கள். காதால் கேட்டுப் புரிந்து, கண்ணால் படித்துப் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தைப் படிப்பதில் இருக்கிறது. இரண்டிலுமே புரியவில்லை என்றால் அதே கருத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். தமிழில் பிடிபட்டுவிட்டால் குறை ஆங்கிலச் சொல்லிலும் வாக்கிய அமைப்பிலும்தான். தமிழிலும் புரியவில்லை என்றால் அடிப்படைப் பாடமே விட்டுப்போயிருக்கிறது, மொழியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வேறு பிரிவு படித்துவிட்டு வணிகவியலில் சேர்ந்தவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

இன்னொரு வகை மாணவரும் உண்டு. எல்லாம் புரிந்துவிட்டது என்று உறுதியாக நம்புவார். கேட்டால் பாடத்தின் சொற்களையே முன்பின்னாகச் சொல்வார். தமக்குப் புரியவில்லை என்பதே அவருக்குத் தெரியாது. இவருக்கு உதவுவதுதான் மற்றவர்களைவிடக் கடினம். "உன் சொந்த வார்த்தையில் சொல்" என்று பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்பதைத் தவிர வேறு குறுக்குவழி கிடையாது.

ஒரு பத்தி, பக்கத்தில் வைத்து

முதலாண்டுப் பொருளியல் நூல்களில் வரும் பத்தி ஒன்றின் கருத்தைத் தமிழில் தருகிறேன். மாணவர் இதை ஆங்கிலத்தில் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒரு பொருளின் விலை உயரும்போது அதன் தேவை குறைகிறது. ஆனால் இந்தக் குறைவு எல்லாப் பொருள்களுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. நெருங்கிய மாற்றுப் பொருள்கள் எளிதில் கிடைக்காதபோது, விலை உயர்ந்தாலும் தேவை பெரிதாகக் குறைவதில்லை. எனவே அத்தகைய பொருளின் மீது விதிக்கப்படும் வரியின் சுமை பெரும்பாலும் வாங்குபவர் மீதே விழுகிறது."

நான்கே வாக்கியங்கள். முதலில் "இந்தக் குறைவு" என்பது எதன் குறைவு என்று கேளுங்கள். "விலைக் குறைவு" என்று பதில் வந்தால், அவர் இரண்டாவது வாக்கியத்திலேயே வழிதவறிவிட்டார் என்று பொருள். அங்கே குறைவது தேவை. விலை உயர்ந்துகொண்டிருக்கிறது. அது, இது, இவை, அத்தகைய என்று வரும் சுட்டுச்சொற்கள் ஒவ்வொன்றும் முன்னே போன எதையோ காட்டுகின்றன. அது எது என்று கேட்டுக்கேட்டுப் படிக்கும் பழக்கம் வந்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் மிகச் சிறியவை என்பதால் கண் அவற்றைத் தாண்டி ஓடிவிடுகிறது.

கடைசி வாக்கியத்துக்கு வருவோம். ஆங்கிலப் பாடநூலில் "சுமை" என்ற எழுவாய் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அது "விழுகிறது" என்ற பயனிலை பிறகுதான் வரும். நடுவில், எதன் சுமை, எந்தப் பொருளின் மீது போட்ட வரி, அந்தப் பொருள் எப்படிப்பட்டது என்று பதினைந்து சொற்கள்கூடக் குறுக்கே நிற்கும். தமிழில் "எளிதில் கிடைக்காத பொருள்" என்று அடைமொழி பெயருக்கு முன்னால் நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் பெயரைச் சொல்லிவிட்டு அதன் விளக்கம் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். தமிழ் வாக்கியத்துக்குப் பழகிய மனம் அங்கே எழுவாயைக் கைதவறவிட்டுவிடும். எனவே நீண்ட வாக்கியத்தில் முதல் வேலையாக எழுவாயின் கீழ் ஒரு கோடு, பயனிலையின் கீழ் ஒரு கோடு பென்சிலால் போடச் சொல்லுங்கள். "சுமை விழுகிறது" என்ற எலும்புக்கூடு கிடைத்துவிட்டால், எதன் சுமை, யார் மீது என்று மற்றவற்றை ஒட்டிக்கொண்டே போகலாம். கடினமான செய்யுளுக்குத் தமிழாசிரியர் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் சொன்னதை எல்லோரும் பள்ளியில் பார்த்திருக்கிறோம். அதே வேலைதான் இது.

இப்போது இந்தப் பத்தியின் உயிரான இடம். மூன்றாவது வாக்கியத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் "எனவே" என்று ஒரு சொல் இருக்கிறது. தேவை குறையவில்லை, எனவே வரி வாங்குபவர் தலையில். எப்படி? நூலாசிரியர் அதைச் சொல்லவில்லை. மாணவரே நிரப்பிக்கொள்ள வேண்டிய இடைவெளி அது. இங்கே விடையைச் சொல்லிவிட உங்களுக்கு ஆசை வரும். தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் பிஸ்கட்டையும் வைத்துக் கேள்வி மட்டும் கேளுங்கள்.

"பெட்ரோல் விலை ஏறினால் அப்பா என்ன செய்கிறார்?"

"திட்டிக்கொண்டே அதே அளவுதான் போடுகிறார். வேலைக்குப் போக வேண்டுமே."

"ஒரே ஒரு கம்பெனி பிஸ்கட் மட்டும் விலை ஏறினால்?"

"வேறு கம்பெனி பிஸ்கட்டை வாங்கிவிடுவோம்."

"அப்படியானால் வரி போட்டதும் அதை விலையில் ஏற்றிவிடும் துணிச்சல் யாருக்கு இருக்கும்? பெட்ரோல் விற்பவருக்கா, அந்த பிஸ்கட் கம்பெனிக்கா?"

சிறிது நேரம் எடுத்துக்கொள்வார். பிறகு அவராகவே சொல்வார்: பெட்ரோல் விற்பவர் வரியை விலையில் சேர்த்துவிடலாம், வாங்குபவர் எங்கும் போக முடியாது. பிஸ்கட் கம்பெனி விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் போய்விடுவார், ஆகவே வரியில் பெரும்பகுதியைத் தன் லாபத்திலிருந்தே கட்ட வேண்டிவரும். "எனவே" இப்போது அவருக்குச் சொந்தமாகிவிட்டது. சரிபார்க்க, பத்தியில் இல்லாத ஒன்றைக் கேளுங்கள்: சிகரெட்டுக்கு வரியை உயர்த்தினால் அது யார் பையிலிருந்து போகும்? விட முடியாமல் புகைப்பவர்தான் கட்டுவார் என்று காரணத்தோடு சொல்லிவிட்டால் பாடம் புரிந்துவிட்டது. மனப்பாடம் செய்தவரால் இதைச் சொல்ல முடியாது.

ஒரு பத்திக்கு இருபது நிமிடம் ஆகலாம். அதைக் கண்டு பதற வேண்டாம். ஆனால், எனவே, ஆயினும், ஒழிய என்று வரும் இணைப்புச் சொற்களில் நின்று இப்படி இடைவெளியைத் தேடப் பழகியவர், போகப்போக வேகமாகவே அதைச் செய்துவிடுவார்.

காண்டிகை எழுதச் சொல்லுங்கள்

பத்தியைப் பேசி முடித்ததும் எழுத வைக்க வேண்டும். இதற்கு வெளியூர் முறைகளைத் தேடிப் போகத் தேவையில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், காண்டிகையுரை என்ற சுருக்கமான உரைக்கு இலக்கணம் சொல்கிறது. நூற்பாவின் கருத்து, பதங்களின் பொருள், ஓர் எடுத்துக்காட்டு, அவற்றோடு வினாவும் விடையும். இவை இருந்தால் உள்ளே இருக்கும் பொருள் வெளிப்படும் என்கிறது. புரிந்துகொள்வதற்கு வேண்டிய எல்லாம் அந்தச் சிறிய இலக்கணத்துக்குள் இருக்கின்றன. செய்யுளுக்கு மட்டும் உரை எழுதிப் பழகிவிட்டு, பொருளியலுக்கும் உயிரியலுக்கும் அந்தக் கருவியைக் கையில் எடுக்காமல் விட்டது நாம்தான்.

மேற்சொன்ன பத்திக்கு மாணவர் எழுதும் காண்டிகை இவ்வளவுதான் இருக்கும். கருத்து: மாற்று இல்லாத பொருளுக்கு வரி போட்டால் வாங்குபவர்தான் சுமப்பார். பதப்பொருள்: தேவை என்றால் வெறும் ஆசையோ அவசியமோ மட்டும் இல்லை, அந்த விலை கொடுத்து வாங்கும் விருப்பமும் வசதியும் சேர்ந்தது. எடுத்துக்காட்டு: பெட்ரோல். வினா: விற்பவர் ஏன் சுமக்கவில்லை? விடை: விலையில் ஏற்றினாலும் வாடிக்கையாளர் விலகமாட்டார். நோட்டில் ஐந்தாறு வரி. முதலில் தமிழில் எழுதட்டும். சிந்தனை எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியில்தான் பொருள் கட்டப்படும். அதற்குக் கீழே கருத்தை மட்டும் எளிய ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். தேர்வுக்கு அது உதவும். தேர்வையே தமிழில் எழுத அனுமதி உண்டா என்பதையும் துறையில் ஒருமுறை கேட்டுவிடச் சொல்லுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்கியே பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இதில் வினாவை மாணவரே எழுத வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். கேள்வி கேட்கத் தெரியும்போதுதான் எது புரியவில்லை என்பது தெரியும். அன்மேரி பாலின்சரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களை மாறிமாறி ஆசிரியர் இடத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு பகுதியைப் படித்துவிட்டு அதைச் சுருக்கிச் சொல்வது, கேள்வி கேட்பது, விளங்காததைத் தெளிவுபடுத்துவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது ஆகிய வேலைகளை அவர்களே நடத்தினார்கள். சில வாரங்களில் புரிதல் கணிசமாக உயர்ந்தது. விடுதி அறையில் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் இதை அப்படியே செய்யலாம். கெட்டிக்கார மாணவர் ஒருவரே பேசிக்கொண்டிருக்க, மற்றவர்கள் தலையாட்டும் குழுவாக அது மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சொற்களைப் பற்றி

தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்த்துப் பாடநூலின் ஓரம் முழுவதும் பென்சிலால் பொருள் எழுதிவைக்கும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கும். அத்தனை உழைப்பும் வாக்கியத்தைத் துண்டுதுண்டாக்கிவிடுகிறது. சொல்லறிவு ஆய்வில் பெயர்பெற்ற பால் நேஷன், ஒரு பகுதியை உதவியின்றிப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். நூறு சொல்லுக்கு இரண்டு தெரியாமல் இருக்கலாம். முந்நூறு சொல் கொண்ட பக்கத்தில் முப்பது சொல் தெரியவில்லை என்றால், அந்தப் பக்கம் இப்போதைக்கு அவருக்கு ஏற்றதில்லை. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் எளிய நூலுக்குப் போக வேண்டும்.

எந்தச் சொற்களைக் கற்பது என்பதற்கும் வழிகாட்டி உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த ஆவரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்ததுதான் ஒரு சொற்குடும்பம். பாடநூல்களில் வரும் சொற்களில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இவைதான். எந்தத் துறையாக இருந்தாலும் இவை வந்துகொண்டே இருக்கும். துறைச் சொற்களை ஆசிரியர் வகுப்பில் விளக்கிவிடுவார். இந்த நடுத்தரச் சொற்களை யாரும் விளக்குவதில்லை, தெரிந்திருக்கும் என்று கடந்துபோகிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பட்டியலை எடுத்து, நாளுக்கு ஐந்தாறு சொற்களைத் தம் பாடநூலிலேயே தேடி, அவை வரும் வாக்கியத்தோடு சேர்த்து எழுதிக்கொள்ளட்டும்.

நேரத்தைத் தின்னும் பழக்கங்கள்

மஞ்சள் ஹைலைட்டரால் பக்கத்தையே நிரப்புவது, அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது, இரண்டும் உழைத்த திருப்தியைத் தரும். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு பகுதியைப் படித்தபின் சிலர் அதையே மீண்டும் படித்தார்கள். சிலர் தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு தேர்வு வைத்தபோது மீண்டும் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது: நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 56 சதவீதமும், மீண்டும் படித்தவர்களுக்கு 42 சதவீதமும் நினைவிருந்தன. எனவே பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் காண்டிகை எழுத வேண்டும். பார்த்து எழுதினால் அது வெறும் நகல்தான்.

வேக வாசிப்புப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். கண் வேகமாக ஓடுவதால் புரிதல் வளராது.

கைப்பேசியில் பக்கத்தைப் படமெடுத்துத் தமிழாக்கிப் படிப்பது இப்போது பெருகிவிட்டது. பாடத்துக்கு முன்னால் பொதுவான சித்திரம் கிடைப்பதற்கு அது உதவும், தடுக்க வேண்டியதில்லை. ஆனால் துறைச் சொற்கள் அதில் தாறுமாறாக வரும். தமிழாக்கத்தைப் படித்த பிறகு ஆங்கிலப் பக்கத்துக்குத் திரும்பாமல் இருந்துவிட்டால், அடுத்த பருவத்திலும் இதே இடத்தில்தான் நிற்க நேரும்.

வேறு காரணமும் இருக்கலாம்

முதலில் கண்ணைச் சோதித்துவிடுங்கள். சிறிய எழுத்தைப் படித்தால் தலைவலி வரும் பிள்ளை படிப்பில் ஆர்வமில்லாதவர் என்று பெயர் வாங்கிவிடக்கூடும்.

தமிழையும் சிறு வயதிலிருந்தே மெதுவாகத் திணறித் திணறித்தான் படிக்கிறார், எழுத்துப்பிழைகள் ஓயவில்லை, ஆனால் வாயால் கேட்டால் அருமையாகப் பதில் சொல்கிறார் என்றால், கற்றல் குறைபாடு இருக்கக்கூடும். டிஸ்லெக்சியா என்று சொல்கிறார்களே, அது அறிவுக் குறை இல்லை. எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலை மூளைக்குக் கடினமாக இருக்கும் ஒரு நிலை. பள்ளியில் யாரும் கவனிக்காமல் கல்லூரிவரை வந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முறையாகப் பரிசோதித்துச் சான்றிதழ் பெற்றவர்கள் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர் போன்ற உதவிகளைக் கேட்டுப் பெறலாம். மதிப்பீட்டை இதற்கெனப் பயிற்சி பெற்ற உளவியலாளரிடம் செய்துகொள்ள வேண்டும். நாமாகப் பெயர் சூட்டிவிடக் கூடாது.

நாளைக்கே தொடங்குவதென்றால்

அடுத்த வாரம் வகுப்பில் வரப்போகும் பாடம் எது என்று கேளுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழி நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளியல், வணிகவியல், கணக்குப் பதிவியல், இயற்பியல், உயிரியல் எல்லாம் உண்டு. அதே பாடத்தை முதலில் தமிழில் படித்துவிட்டு, அதன்பின் அதே வகுப்பின் ஆங்கிலவழி நூலில் அந்தப் பகுதியைப் படிக்கட்டும். இரண்டு நூல்களும் ஒரே வரிசையில் ஒரே கருத்தைச் சொல்பவை என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். துறைச் சொற்களும் அப்போதே பழகிவிடும். கல்லூரிப் பாடநூலை மூன்றாவதாகத்தான் திறக்க வேண்டும். அப்போது அதன் முதல் பத்தியே முன்பின் தெரியாத ஊராக இருக்காது.

நாளுக்கு முக்கால் மணி நேரம், இரண்டு பத்தி, இரண்டு காண்டிகை. முதல் சில வாரங்கள் கேள்விகளை நீங்கள் கேளுங்கள். பிறகு பத்தியைப் படித்ததும் அவரே உங்களிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்று மாற்றிவிடுங்கள். உங்களுக்கு விடை தெரியாத கேள்வியையும் அவர் கேட்பார். அதை ஒரு தாளில் எழுதி, மறுநாள் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.